தொண்ணூற்றாறு மைப்புட்டிகளும் ஒரு கரிய தாளும்

நலம் பெருகுக. அதற்கு முன் நீர் பெருகுக.

மேகங்கள் முதலில் வந்து இளைப்பாறும் மலைகளுக்கு உரியவரும், ஏழு மதகுகளின் திறவுகோலை இடைக்கச்சையில் செருகியிருப்பவரும், தாளில் மையால் எழுதப்படாத எதையும் எழுத்தென்றே ஏற்காத நுண்ணறிவாளரும் ஆகிய உச்சிவாரி நாட்டு மன்னர் எழிற்கோ வேளார் திருமுன்பு, அவ்வேழு மதகுகளுக்கும் கீழே வாய் பிளந்து கிடக்கும் தாழ்வயல் நாட்டின் அரசி உலகுடைய நாச்சியார் விடுக்கும் ஓலை. மன்னரும் தேவியாரும் இளவரசரும், அரண்மனை வாயிலில் நின்று ஓலைகளைத் திருப்பி அனுப்பும் காவலரும், தத்தம் கடமையில் தளராது நீடு வாழ்க.

தாங்கள் அனுப்பிய இரங்கல் மடல் கிடைத்தது. வழவழப்பான தாள், மயிற்கழுத்து நிற மை, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தக்க எழுத்து. எம் குலத்தில் பெரியவர் எவரோ மறைந்தார் போலும் என்று வருந்தி, அவர் பெயரை அறிவித்தால் உச்சிவாரியிலும் மூன்று நாள் முரசு ஒலியாதிருக்க ஆணையிடுவதாக எழுதியிருந்தீர்கள். அன்புக்கு நன்றி. எம் குலத்தில் எவரும் மறையவில்லை. எண்பத்தேழு வயதான எம் அத்தையார், மடலில் குறித்தது தம்மைத்தானோ என்று ஐயுற்று, அன்று இரண்டு அப்பம் கூடுதலாக உண்டு தாம் இருப்பதை அவைக்கு மெய்ப்பித்தார்.

மாளப்போவது எங்கள் நாற்றங்கால். இன்றிலிருந்து ஒன்பது நாளுக்குள் பறித்து நடாவிடில் நாற்று கணு வைத்து முற்றிவிடும். பிறகு அதை மாட்டுக்குத்தான் போடலாம். கடைமடை ஊர்கள் பதினெட்டிலும் உழுது வைத்த வயல் வெடித்துக் கிடக்கிறது. ஆனி பிறந்ததும் தாழ்வயல் எழுதிக் கேட்டால் உச்சிவாரி மூன்றாம் மதகைத் திறக்கும் என்பது தங்கள் பாட்டனாரும் எம் பாட்டனாரும் கைகோத்துச் செய்த உடன்படிக்கை. நாங்களும் எழுதித்தான் கேட்டோம். தங்கள் அவைக்கு வந்து சேர்ந்த அந்தக் கரிய தாள் சாவோலை அன்று. அதுவே எங்கள் நீர்வேண்டல். அது எங்ஙனம் கரியதாயிற்று என்பதை மறைக்காமல் சொல்வது எம் கடமை. சிரிக்காமல் கேட்பது தங்கள் விருப்பம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தாங்கள் ஓலையை ஒழித்தீர்கள். இனி அண்டை நாட்டார் எவராயினும் தாளில், ஊற்றுப் பேனா கொண்டு, புட்டியில் அடைத்த மையால் எழுதினாலன்றிப் படிக்கப்படாது என்று பறையறைவித்தீர்கள். அந்தத் தாளும் பேனாவும் மையும் தங்கள் கடைவீதி ஒன்றிலேயே விற்கப்படுகின்றன என்பது தற்செயலாக வாய்த்த பேறு. அப்பேற்றைச் சுமந்து வர யாம் தெரிந்தெடுத்தவர், எம் ஓலைச்சாலை அதிகாரி அடைக்கலங்காத்தார். தெரிந்தெடுத்த அறிவு எம்முடையதே; அதற்கு வேறெவரையும் யாம் குறைகூறோம்.

அடைக்கலங்காத்தாரைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளாக எம் ஓலைச்சாலையைக் காப்பவர். அவர் பொறுப்பேற்ற ஆண்டில் கறையான் ஒரு பெட்டியைத் தின்றது. பெட்டியிலிருந்த பட்டயங்களோடு ஒன்பது குடிகளின் நிலமும் வழக்கில் போயிற்று. அவர்கள் சட்டிபானையைத் தலையிலேற்றி ஊரைவிட்டுப் போனதை அவர் தெருமுனையில் நின்று பார்த்தார். காப்பது ஒன்றே தம் பிறவிப்பயன் என்று அன்று முடிவு கட்டினார். அதன்பின் அவர் காத்த ஓலை ஒன்றையும் பூச்சி தொட்டதில்லை, மனிதரும் தொட்டதில்லை.

அவர் தங்கள் நகரத்து மைக்கடைக்குப் போனார். அங்கிருந்த வணிகர் நேர்மையாளர் என்பதை இவ்விடத்தில் பதிவு செய்கிறோம். ஓர் அரசவைக்கு ஓராண்டுக்கு இரண்டு புட்டி தாராளம் என்றும், தீர்ந்தபின் புதிதாக வாங்குவதே நலம் என்றும், எந்த மையையும் வாங்குமுன் ஒரு வரி எழுதிப் பார்ப்பதே முறை என்றும் அவர் பணிவுடன் எடுத்துரைத்தாராம். அடைக்கலங்காத்தார் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். பிறகு தொண்ணூற்றாறு புட்டி வாங்கினார்.

பேராசையால் அன்று. வாழ்நாள் முழுதும் பழுப்பு ஓலையில் கரிய எழுத்தையே பார்த்த கண்கள் அவருடையவை. அக்கடையில் மயிற்கழுத்தும் மாதுளம்பூவும் நாவற்பழமும் மருதாணியும் மழைக்கால வானமும் புட்டி புட்டியாக வெயிலில் ஒளிர்ந்தபோது அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினாராம். ஒன்றை எடுத்து மற்றொன்றை விட்டால், விடப்பட்டது முகம் வாடும் என்று தோன்றியதாம். எழுதிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை. ஒரு துளி எடுத்தாலும் ஒரு துளி குறையுமே. வண்டி மூன்று நாள் வந்தது. மூன்று நாளும் புட்டிகள் குலுங்காதிருக்க மெத்தைக்குமேல் அவையும், பலகைக்குமேல் அவரும் வந்தார்கள்.

வணிகர், மையைக் காக்கும் முறைகளை ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுத்திருந்தார். அது மிகவும் மதிப்புள்ள தாள் என்பதை உணர்ந்த அடைக்கலங்காத்தார், அதைப் பட்டில் சுற்றி, செப்புக் குழாயில் இட்டு, அரக்கு முத்திரை வைத்து, இரும்புப் பெட்டியில் பூட்டினார். எவராலும் அதைக் கெடுக்க முடியவில்லை. எவராலும் படிக்கவும் முடியவில்லை.

இனி மையைக் காத்த திறம். ஓலைக்கு முதற்பகை பூச்சி, பூச்சிக்கு முதற்பகை புகை என்பதைத் தாழ்வயலில் பால்குடி மறந்த எவரும் அறிவர். அதனால்தான் நாங்கள் ஓலைக்கட்டுகளை அடுக்களைப் பரணில் வைக்கிறோம். ஓலைக்கு நல்லது மைக்கும் நல்லதாகத்தானே இருக்க வேண்டும் என்று துணிந்த அதிகாரி, தொண்ணூற்றாறு புட்டிகளையும் அரண்மனைப் பெரிய அடுப்புக்கு நேர்மேலே பரணில் ஏற்றினார். நாள்தோறும் ஐந்நூறு பேருக்குச் சோறு வேகும் அடுப்பு அது. இறுகக் கட்டிய ஓலைக்கட்டு வியர்த்து மக்கும் என்பதால் மூடிகள் ஒவ்வொன்றையும் அரைத்திருகு தளர்த்தி வைத்தார், மை மூச்சுவிட. அந்துப்பூச்சிக்கு அஞ்சிப் புட்டிக்கு ஒரு துண்டு வசம்பும் உள்ளே போட்டார். தங்கள் வணிகர் கண்டிருந்தால் நெஞ்சு வெடித்திருப்பார். யாம் கண்டோம், பாராட்டினோம். எமக்கும் அப்போது அவ்வளவுதான் தெரியும்.

காத்தாரே அன்றிக் கொடுத்தாரில்லை. படைத்தலைவருக்கு ஒரு சொட்டு மை வேண்டியிருந்தபோது, நல்ல நாள் பார்த்துத் தருவதாகச் சொல்லி மூன்று மாதம் நாள் பார்த்தார். எம் மகள் வரைவதற்கு மாதுளம்பூ நிறம் கேட்டபோது, குழந்தைக்குச் செம்பருத்திப் பூவைக் கசக்கிக் கொடுத்தனுப்பினார். பேனாவையோ, வெள்ளிக்கிழமைதோறும் துடைத்துச் சந்தனம் வைத்து மீண்டும் பெட்டியில் கிடத்தினார். நாய் பெற்ற தெங்கம்பழம் என்று அவர் மனைவி வெண்ணியம்மையாரே எம்மிடம் வந்து முறையிட்டார். கணவர் விடியலில் எழுந்ததும் தம் முகத்தைப் பார்ப்பதில்லை, பரணைத்தான் பார்க்கிறார் என்று அந்த அம்மையார் சொன்னதில் பொறாமையும் இருந்தது, உண்மையும் இருந்தது. கீழிருந்து பார்க்கும்போது புகைபடிந்த கண்ணாடிக்குள் எல்லாம் நிறைந்திருப்பது போலவே தெரிந்ததாம்.

சென்ற ஆண்டுகளில் மழை தவறாமையால் நீர் கேட்டு எழுத நேரவில்லை; இவ்வாண்டு மழை பொய்த்து ஆனி பிறந்தது. நீர்வேண்டல் எழுதும் நாளன்று யாம் கடைமடையில் நாற்றங்கால் பார்க்கப் போயிருந்தோம். முத்திரையிட்ட வெற்றுத்தாள் ஒன்றை அடைக்கலங்காத்தாரிடம் ஒப்படைத்து, பெறுபவர் பெயரும் மதகின் பெயரும் எழுதித் தூதனிடம் கொடுத்தால் போதும் என்று ஆணையிட்டோம். இரண்டு வரி. ஏணி வைத்து ஏறினார். முதற்புட்டியைக் கவிழ்த்தார், வசம்புத் துண்டு மட்டும் விழுந்தது. அடுத்ததில் கம்பங்கூழ் பதத்தில் ஏதோ இருந்தது. அதற்கடுத்ததில் பூஞ்சணம் பஞ்சுபோல் மிதந்தது. தொண்ணூற்றாறையும் திறந்தார். அவர் இறங்கி, ஏணியின் கடைசிப் படியில் அமர்ந்து, ஒன்பது குடி போதாதென்று பதினெட்டு ஊரையும் அனுப்பிவிட்டேனே என்று தமக்குள் சொல்லிக்கொண்டாரென்று சமையற்பெண்டிர் எம்மிடம் தெரிவித்தனர். அதைக் கேட்டபோது எமக்கிருந்த சினம் பாதி போயிற்று. மீதிப் பாதி பத்திரமாக இருக்கிறது.

அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வேலையில் இறங்கினார். அதுவே பெருங்கேடாயிற்று. எல்லாப் புட்டிகளின் அடிக்கசண்டையும் ஒரே செப்புச் சட்டியில் வழித்தார். மயிற்கழுத்தும் மாதுளம்பூவும் நாவற்பழமும் ஒன்றோடொன்று சேர்ந்து திரிந்த பாலாயின. நீர்விட்டு இளஞ்சூட்டில் கரைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த அந்தக் குழம்பைப் பேனாவில் ஊற்றினார். பேனாவுக்கு விக்கிக்கொண்டது. வெந்நீரில் அல்ல, வெறும் நீரில் கழுவியிருந்தாலே போதும் என்பது அச்சிட்ட தாளில் ஒன்பதாம் வரியில் இருப்பதைப் பிற்பாடு முத்திரை உடைத்துக் கண்டோம். அன்று தாளோ பெட்டியில் இருந்தது. எழுத்தாணியின் கூர்முனையால் பேனாவின் முள்ளைக் குத்தித் துளையைத் திறந்தார். முள் இரண்டாய்ப் பிளந்து நின்றது. ஓலையில் உழுது பழகிய கை அதையும் அமுக்கி எழுதியது. சேற்று நிறத்தில், நண்டு நடந்தாற்போல, இரண்டு வரி விழுந்தன. ஆனாலும் மன்னரே, அவை படிக்கத்தக்க வரிகள். உச்சிவாரி என்றும் மூன்றாம் மதகு என்றும் தெளிவாகவே இருந்தனவென்று பார்த்தவர்கள் ஆணையிட்டுச் சொல்கிறார்கள். அடைக்கலங்காத்தார் மகிழ்ச்சி தாளாமல் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அங்கேயே கையைக் கட்டிக்கொண்டிருந்தால் இவ்வோலைக்கே வேலையில்லை. ஓலையில் எழுத்தாணி கீறிய எழுத்து முதலில் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக்கரியையும் கோவையிலைச் சாற்றையும் எண்ணெயில் குழைத்து ஓலைமேல் பூசித் துடைத்தால்தான் எழுத்து துலங்கும். எழுதி முடித்ததும் கரி பூசுவது முப்பதாண்டு வழக்கம். கை தானே போயிற்று. தாள் முழுதும், மூலை விடாமல், அன்போடு பூசினார். பிறகு துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கறுத்தது. காத்திருந்த தூதனோ மைமடலைப் பிறந்தது முதல் கண்டறியாதவன். உச்சிவாரியில் இப்படித்தான் எழுதுவார்கள் போலும் என்று பயபக்தியோடு வாங்கிக் குதிரையேறினான். அதிகாரிக்கு நாக்கு எழுவதற்குள் குதிரை ஆற்றுமணலைத் தாண்டிவிட்டது. அத்தாளைத்தான் தங்கள் அமைச்சர் பதினொருவர் கூடி ஆராய்ந்து, கறுப்பு ஆதலால் இறப்பு என்று கண்டுபிடித்தனர். அவர்கள் கல்வி வாழ்க.

மை தீர்ந்தது; பேனா பிளந்தது; தாளும் இல்லை. புதிதாக வாங்கி வர ஆறு நாள் ஆகும். மடல் வந்து சேர மேலும் மூன்று நாள். நாற்று நாள் கேட்டு வளர்வதில்லை. ஆதலால் தங்கள் ஆணையை மதித்து, அதை மீறி, எங்களுக்குத் தெரிந்த ஓலையில் எங்களுக்குத் தெரிந்த எழுத்தாணியால் இதை எழுதுகிறோம். ஓலை கொண்டுவருவோர் சிறையிடப்படுவர் என்பது தங்கள் சட்டம். இதைக் கொண்டு போக எவர் இசைவார் என்று அவையில் கேட்டபோது, முன்வரிசையில் பலருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார்.

இவ்வோலையைத் தங்கள் முன் நீட்டிக்கொண்டிருப்பவர், நரைத்த மீசையும் கரிபடிந்த விரல்களுமாக, இது படிக்கப்படுவதைத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பவர், அடைக்கலங்காத்தார்தாம். அவர் கேட்டுப் பெற்ற பணி இது. இதிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் அவர் அறிவார். ஒன்றையும் நீக்கும்படி அவர் வேண்டவில்லை. புட்டிகளின் எண்ணிக்கையை மட்டும், யாம் எண்பது என்று எழுதியதை, தொண்ணூற்றாறு என்று திருத்தச் சொன்னார்.

ஆகவே எம் வேண்டுகோளும் கட்டளையும் இவை. மன்னர் மூன்றாம் மதகைத் திறப்பிக்க. திறந்த அன்றே இவரை நல்ல சோறு போட்டுத் திருப்பி அனுப்புக. வெண்ணியம்மையார் வழி பார்த்திருக்கிறார், சொல்லிக்கொள்ள விருப்பமில்லை எனினும் யாமும் பார்த்திருக்கிறோம். மன்னர் திறவாராயின், ஓலை கொணர்ந்த குற்றத்துக்காக இவரைச் சிறையில் வைத்து வீணாக்க வேண்டா. தாழ்வயலின் அன்பளிப்பாக இவரைத் தங்கள் அரண்மனை மைக்கிடங்குக்கு அதிகாரியாக ஏற்றுக்கொள்க. அடைக்கலங்காத்தாருக்கு எம் ஆணை: அவ்வாறு நேரின் அக்கிடங்கை, எம்முடையதைக் காத்தது போலவே, உள்ளன்போடு காப்பீராக. அதன்பின், மன்னரே, தாங்களும் எமக்கு ஓலையில் மறுமொழி எழுத இரண்டு கோடை போதும்.

ஆனித் திங்கள் பதினான்காம் நாள், வெடித்த வயலின் வரப்பில் அமர்ந்து இது எழுதுவித்தோம். இரட்டை நாரை முத்திரை இட்டோம். நீர் வரும் வழியில் இதற்கு விடை வருக.