ஓகே என்று மட்டும் எழுதாதே

என் வீட்டு மகாராணிக்கு,

இது நானே எழுத்துக் கற்றுக்கொண்டு என் கையால் எழுதுவது, நம்பு. நான் நலம். உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது?

இந்த ஊரில் ஓகே என்ற ஒரு சொல்லை வைத்தே காலம் தள்ளலாம். சாப்பாடு பிடித்தால் ஓகே, வேலை முடிந்தால் ஓகே, நம்மைப் போகச் சொல்வதற்கும் ஓகேதான். போன வாரம் சலவைக்கூடத்து ஈரத்தரையில் லேசாக வழுக்கி விழுந்தேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "ஓகே?" என்றார். நானும் விழுந்து கிடந்தபடியே "ஓகே" என்றேன். அவர் போய்விட்டார்.

அறையில் கூட இருக்கும் சமையல்காரர்தான் கத்தினார். "யோவ் பெரிசு, காலு பூசணிக்காயாட்டம் வீங்கியிருக்கு! எதுக்குய்யா ஓகேன்னு சொன்னே?"

"அவரு கேட்டாரு, நான் சொன்னேன்."

அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. இந்தப் பக்கம் யாராவது வந்தால் வலித்தைலம் கொடுத்தனுப்பு.

கட்டுப்போட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. போனில் முட்டி எப்படி என்று கேட்டால் நீயும் ஓகே என்றுதான் சொல்கிறாய். இனி அது செல்லாது. எங்கே வலிக்கிறது, படி ஏற முடிகிறதா, தூக்கம் வருகிறதா, எல்லாம் எழுது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீளமாக எழுது. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கு ஒரு கடிதம் பல நாள் வரும்.

உன் புருஷன்