இடது கை செய்த சோதனை

12.3.1985, செவ்வாய்

இப்போதுதான் மூச்சு சீராக வருகிறது. சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டிலுள்ள எங்கள் அலுவலகத்துக்கு விற்பனையாளர் ஜோசப் புது எலக்ட்ரானிக் டைப்ரைட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். "நீங்கதான் அடிச்சுப் பார்த்துச் சொல்லணும், கமலா," என்றார் முதலாளி.

பழைய மெஷினில் ஒவ்வொரு வரி முடிந்ததும் இடது கையால் லீவரைத் தள்ள வேண்டும். பதினெட்டு வருடப் பழக்கம். புதியதில் லீவரே இல்லை, ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. முதல் வரி முடிந்ததும் அந்தக் கை தானாக எழுந்து வீசியது. அது தட்டி, பக்கத்திலிருந்த என் கோப்பி முழுவதும் மெஷினுக்குள் கொட்டியது. மெஷின் அப்படியே நின்றுவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஜோசப் பிளக்கைப் பிடுங்கி, மெஷினைக் கவிழ்த்துத் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் வைத்தார். நல்ல வேளை, நான் சீனி போடாமல் குடிப்பவள்; உள்ளே எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. சாயங்காலம் மறுபடி சுவிட்சைப் போட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல் அடித்தது.

முதலாளி சிரித்துவிட்டார். "கோப்பி குடிச்சும் வேலை செய்யுது லா! இதையே வாங்கிடுவோம். சோதிச்சுப் பார்த்த ரிப்போர்ட்டை இதுலயே அடிச்சுக் குடுங்க."

உட்கார்ந்து அடித்தேன். முதல் வரி முடிந்தது. கை எழுந்தது.

முதலாளி தன் கோப்பையை அவசரமாகத் தூக்கிக்கொண்டார்.