நாலே கால்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே மூவரும் நலமா என்று வழக்கம்போல் கேட்கத்தான் வேண்டும், ஆனால் நீ சொல்லும் பதிலை இனி எதை வைத்து நம்புவது என்று தெரியவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் சேர்ந்து அழுதுவிடுவேன், திட்ட வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம்.

பிள்ளை பிறந்த அன்று எடை என்ன என்று கேட்டேன். நாலே கால் என்றாய். நாலே கால் கிலோவா என்று நான் வாயைப் பிளந்ததற்கு நீ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, நர்ஸ் கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாய். உன் அப்பாவைக் கேட்க வேண்டுமா, பேரன் பயில்வான் என்று தெருமுனை வரைக்கும் தம்பட்டம் அடித்துவிட்டு வந்தார். நான் ஆறு சட்டை தைத்தேன், எல்லாம் மூன்று மாதப் பிள்ளையின் அளவுக்கு. நீ அனுப்பிய படத்திலும் முகம் மட்டும்தான், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு கை உண்டா, தலையணை உண்டா, ஒன்றும் கிடையாது. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நேற்று முன்தினம் தபால் அலுவலகத்தில் பார்சல் கவுண்டரில் இருக்கிறேன், எதிரே ஏழெட்டுப் பேர் வரிசையில், மாப்பிள்ளை போன் செய்தார். பாவம், நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறார். "பையன் ரெண்டு கிலோ நூறு ஆயிட்டான் அத்தை, டாக்டருக்கே சந்தோஷம்" என்றார். இருபது நாளில் நாலே கால் இரண்டாகிவிட்டது என்றால் நான் என்னவென்று நினைப்பேன், நீயே சொல். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று நான் போட்ட சத்தத்தில் வரிசையே கலைந்துவிட்டது. "ஐயோ, அது பவுண்டு அத்தை, இந்த நாட்டுல அப்படித்தான் சொல்வாங்க, அவ சொல்லலையா" என்று மாப்பிள்ளை தடுமாறினார்.

ஒரு பவுண்டு நானூற்று ஐம்பத்து நாலு கிராம். காகிதம் தேவைப்படவில்லை எனக்கு. நாலே காலுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது கிராம், இரண்டு கிலோகூட இல்லை. இருபத்திரண்டு வருடமாகப் பார்சல் எடை போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான், ஐம்பது கிராம் மறைக்கப் பார்க்கிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன், என் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டாய். நீ பொய் சொல்லவில்லையாம், மாப்பிள்ளை பரிந்து பேசுகிறார். பொய்யே சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், நாலே கால் என்று மட்டும் சொல்லிவிட்டு, கிலோவை அம்மாவே சேர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டாயே, அதுதான் ஆறவில்லை. அம்மா பதறிவிடுவாள் என்று நினைத்தாயாம். பதறட்டுமே! அதற்குத்தானே அம்மா. பிள்ளையை இன்குபேட்டர் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு நீ தன்னந்தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் நான் இங்கே அந்தப் பெரிய சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் கவுண்டரை மூடிய பிறகு தராசின் மேல் ஒரு துண்டை விரித்தேன். நூல் உருண்டை, அரக்கு, முத்திரைக் கட்டை என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வந்ததும் அப்படியே சுருட்டி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். உன்மேல் இருந்த கோபத்தோடுதான் தூக்கினேன். ரொம்ப நேரம் கீழே வைக்க மனம் வரவில்லை. கனமாகத்தான் இருந்தான்.

சட்டைகளைப் பிரித்துச் சின்னதாக்கிக்கொண்டிருக்கிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, பிள்ளை தூங்கும்போது நீயும் படு. மூவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். இனி தினமும் அவன் எடையைக் கிராமில் எழுது. குறைந்த நாளிலும் எழுது.

இன்னும் கோபம் தீராத,
அம்மா