ஒண்டி ஆளுக்கு மாற்றிக் கட்டிய படகு

நகரி,
மார்கழிக் கடைசி, 1961

சிரஞ்சீவி முனிகிருஷ்ணனுக்கு நைனா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. ஏழுமலையான் தயவில் இங்கே நாங்கள் சுகமாக இருக்கிறோம், பம்பாயில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் கை நோகுமா உனக்கு? உன் கடிதத்தில் நாலு பக்கமும் படகு, பாய், கயிறுதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, நாற்று விட்டாயிற்று. உன் தங்கை வள்ளிக்கு ஆறாம் மாதம். அவள் வாக்கப்பட்ட திருத்தணியை மதராஸ் பக்கம் சேர்த்ததில் அவள் வேறு ராஜ்யத்துக்காரியாம், நாம் ஆந்திராவாம். சீமந்தத்துக்கு அவளை அழைத்துவரப் போவது என்னவோ அதே பஸ்தான். உன் அம்மா, அந்தக் கோடு எங்க போட்டுக்கீறாங்க, பஸ்ல குந்திக்கினு பார்த்தா தெரியுமா என்று என் பிராணனை வாங்குகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வந்தது கேள்விப்பட்டு ரத்தினம்மா வந்தாள். தன் பிள்ளை கோவர்த்தனன் உன்னோடு பம்பாய் படகுப் பட்டறைக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து உன் கடிதம் கேட்கத் தவறாமல் வருகிறவள். போன மாசியில் நீங்கள் இரண்டு பேரும் ஓட்டிய படகுப் பந்தயத்தில் பாய்க்கட்டை சுழன்று மண்டையில் அடித்து அவன் கடலில் விழுந்து செத்துப்போன பிறகும் வருகிறாள். அவளை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? நானும் மடையன் மாதிரி முழுசையும் படித்துவிட்டேன். கோவர்த்தனன் உட்கார்ந்த இடத்தில் இன்னொருத்தனை உட்கார வைக்க மனம் வரவில்லை, முன்னால் இருந்து அவன் இழுத்த கயிறுகளையெல்லாம் கப்பி போட்டுப் பின்னால் என் கைக்கே கொண்டுவந்துவிட்டேன், சுக்கானும் பாயும் ஒண்டி ஆளாகப் பார்த்துக்கொள்ளலாம், மாசிப் பந்தயத்தை அவன் பேரில் தனியாக ஓடப்போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அதை இரண்டு தரம் படித்தேன். அவளுக்குப் புரியட்டும் என்று, நம் கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கவலையில் சாலுக்கு வால்கயிறு இருப்பதால் ஒரே ஆள் மாட்டையும் ஓட்டித் தண்ணீரையும் கொட்டுகிறானே அந்த மாதிரிதான் என்று விளக்கம் வேறு சொன்னேன். அவள் குளிர்ந்து போவாள் என்று நினைத்தேன்.

அவள் அழவில்லை. ஏண்ணா, கயித்த மாத்திக் கட்னா ஒண்டியாவே ஓட்டலாம்னு அவனுக்கு இப்பத்தான் தெரிஞ்சிதா, அத முன்னாடியே செஞ்சிருந்தா எம்புள்ள அதுல குந்தியிருக்கவே வேணாமே என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எதையாவது சொல்லியிருப்பேன். வழி கேட்கிறவள் மாதிரி கேட்டாள். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். உன் அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், ரத்தினம்மா அது ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து உன் அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

நீ தெரிந்தே அவனை இழுத்துக்கொண்டு போனாய் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர் படகு, இரண்டு பேர் போனீர்கள். அவன் போன பிறகு உட்கார்ந்து யோசித்ததில்தான் இந்த வழி தெரிந்திருக்கும். ஆனால் இது நானாகச் சொல்லிக்கொள்வது. அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாது. அந்தப் படகில் இருந்தவன் நீ.

மாசியில் அவனுக்குத் தலைத்திவசம். உன் பந்தயமும் அந்த வாரமே என்கிறாய். அவன் பேரில் நீ அங்கே ஜெயித்து வாங்குகிற கோப்பையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? பட்டறையில் லீவு கேட்டு வா. வருகிறேன் என்று கடிதாசு எழுதிக்கொண்டு நிற்காமல், ரேணிகுண்டாவில் ரயில் இறங்கி நேரே வா. நீ வருவாய் என்று நான் அவள் வீட்டு வாசலில் போய்ச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதுதான், கோபித்துக்கொள்.

கடலுக்குத் தனியாகப் போகாதே என்று உன் அம்மா எழுதச் சொல்கிறாள். வேளைக்குச் சாப்பிடு. தீர்க்காயுசாக இரு. ரத்தினம்மா கேட்டதற்குப் பதிலை மட்டும் தபாலில் போட்டுவிடாதே அப்பா. இங்கே அதைப் படிக்கிறவன் நான்தான், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் படிக்க முடியாது.

இப்படிக்கு
உன் நைனா
வேதாச்சலம்