பதினோரு நிமிடம்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள கப்பல்காரருக்கு,

வணக்கம். நானும் அத்தையும் நலம். நீங்களும் நலமாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கம்பெனி ஆபீசிலிருந்து சொல்லியிருப்பார்கள். கைபேசியைக் கடலுக்குக் காணிக்கை கொடுத்துவிட்ட புண்ணியவானோடு பேச, ஆபீஸ் தபால் பையை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

முதலில் நல்ல செய்தி. லீவு கிடைத்துவிட்டது! அடுத்த மாதம் உங்கள் கப்பல் வியாழன் காலை கரைக்கு வந்து ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கிளம்புகிறது அல்லவா? புதன் மாலை ஆறு மணி ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன். உங்கள் கப்பல் சமையல்காரரின் மனைவியும் அதே ரயிலில்தான் வருகிறார். வியாழன் மாலை நாலு மணிக்கு நான் அங்கே இருப்பேன். எட்டு மாதம் காத்திருந்ததற்கு மூன்று நாள் என்பது அநியாயம். ஆனால் இதை விட்டால் இன்னும் எட்டு மாதம் ஆகும் என்பதால் சண்டை போடாமல் ஏற்றுக்கொள்கிறேன்.

லீவு வாங்குவதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘ரெண்டுநாள்’. எதைக் கேட்டாலும் “இன்னும் ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்” என்பார். நாங்கள் செய்கிற கம்ப்யூட்டர் கேம் வெளியாகும் தேதியை இதுவரை மூன்று தடவை தள்ளிப்போட்டாயிற்று. தள்ளிப்போடும் அன்று மட்டும் தவறாமல் கேக் வாங்கி வருவார். நாங்களும் வெட்கமில்லாமல் தின்றுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்போம். இப்போது நாலாவது தேதி. “செவ்வாய்க்கிழமை கேம் நம்ம கையை விட்டுப் போயிடும், புதன்கிழமை நீ தாராளமா கிளம்பு” என்று சொல்லியிருக்கிறார். தள்ளிப்போடுகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தை இன்னமும் நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை விளையாடுகிறேன் என்றுதான் நினைக்கிறார். நேற்று தோள் வலிக்கிறது என்றேன். “விளையாடிட்டு வந்தவளுக்கு வலி வேறயா?” என்றார். இந்த வாரம் முழுக்க நான் செய்தது என்ன தெரியுமா? சுவரில் முட்டினேன். எங்கள் கேமில் ஒரு பெண், வெள்ளத்தில் இடிந்துபோன வீட்டைச் செங்கல் செங்கலாகத் திரும்பக் கட்டுகிறாள். அவள் கட்டின ஒவ்வொரு சுவரிலும் முந்நூறு இடத்தில் அவளை முட்டவைத்து, எங்காவது சுவருக்குள் புகுந்துவிடுகிறாளா என்று பார்க்க வேண்டும். திங்களும் செவ்வாயும் சமையலறைச் சுவர். புதன்கிழமை ஒரு வாளி அந்தரத்தில் மிதந்தது. கோளாறு என்று எழுதிக் கொடுத்தேன். புரோகிராமர் தம்பி வந்து, “என் கம்ப்யூட்டர்ல வாளி தரையிலதானேக்கா இருக்கு?” என்றான். உன் கம்ப்யூட்டரையா கடையில் விற்கப் போகிறோம் என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான்.

இதில் ஒரு சட்டம் வேறு. கோளாறை யார் கண்டுபிடித்தாரோ, அவரேதான் திருத்தின பிறகும் பார்த்து, சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டு மூட வேண்டும். பெற்றவளே வளர்க்க வேண்டும் என்கிற மாதிரி. என் பெயரில் இப்போது நாற்பத்திரண்டு பிள்ளைகள்.

உடனே பதில் போடுங்கள். வழக்கம்போல அரைப் பக்கத்தில் ‘நலம், மழை, இன்ஜின் பரவாயில்லை’ என்று எழுதி ஏமாற்ற வேண்டாம். நாலு பக்கமாவது வேண்டும்.

இப்படிக்கு,
சுவரில் முட்டிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி


புதன்கிழமை மதியம்

அன்புள்ளவருக்கு,

இதைக் கொண்டுவந்து தருகிற சமையல்காரர் மனைவியின் பின்னால் நான் வருகிறேனா என்று எட்டிப் பார்க்காதீர்கள். நான் அந்த ரயிலில் ஏறவில்லை. என் இடத்தில் அவருடைய பையை வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம் உங்களால்தான். கல்யாணமான நாளிலிருந்து அரைப் பக்கத்துக்கு மேல் எழுதியறியாத மனிதர், கேட்டேன் என்பதற்காக இந்தத் தடவை நிஜமாகவே நாலு பக்கம் எழுதுவீர்களா? அதுவும் அது திங்கட்கிழமை என் ஆபீசுக்கு வந்து சேர வேண்டுமா? வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்கலாம் என்று பையில் வைத்தேன். மனசு கேட்கவில்லை. கேமை நிறுத்தாமல், கையிலிருந்த ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்கு அடியில் பிரித்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தை மூன்று தடவை படித்தேன். எந்த வரிக்காக என்று உங்களுக்குத் தெரியும். மொத்தம் பதினோரு நிமிடம்.

பத்து நிமிடம் யாரும் கை வைக்காவிட்டால் அந்தப் பெண் தானாக உட்கார்ந்து தூங்கிவிடுவாள். அழகாக இருக்கும் என்று யாரோ சேர்த்தது. அவள் தூங்கும்போதே கேம் தன்னைத் தானே பதிவு செய்துகொண்டது. அந்தப் பதிவில்தான் கோளாறு. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பத் திறந்தால் வீடு இல்லை. ஆறு வாரமாக நான் கட்டின வீடு, சுவர், ஜன்னல், ஒன்றும் இல்லை. வெள்ளம் வந்த முதல் நாளில், இடுப்பளவுத் தண்ணீரில், வாளியோடு நின்றுகொண்டிருக்கிறாள். பொம்மைதான் என்று தெரிந்தும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டு வருடமாக ஒன்பது பேர் சோதிக்கிறோம். ஒருவர் கண்ணிலும் இது படவில்லை. எப்படிப் படும்? பத்து நிமிடம் கையை எடுத்தால் ரெண்டுநாள் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாரே! சும்மா இருப்பது எப்படி என்றே எங்களுக்கு மறந்துபோய்விட்டது.

உண்மையைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. செவ்வாய் கேம் போய்விடும், புதன் நான் போய்விடுவேன், திரும்பி வந்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கடிதம் மடியிலேயே இருந்தது. பிறகு என்னை நானே திட்டிக்கொண்டு எழுதிக் கொடுத்தேன்.

ரெண்டுநாள் படித்துவிட்டு, “யாரும்மா பத்து நிமிஷம் சும்மா உட்காருவாங்க?” என்றார். எனக்கு வந்ததே கோபம்! பிள்ளை அழுதால் எழுந்து போக மாட்டார்களா, பால் பொங்கினால் ஓட மாட்டார்களா, எட்டு மாதமாகப் பார்க்காதவரிடமிருந்து கடிதம் வந்தால் உட்கார்ந்து படிக்க மாட்டார்களா என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கடைசியில் தன் அறைக்குக் கூப்பிட்டு நைசாகச் சொன்னார்: “இதை, கேம் வெளியான பிறகு திருத்திக்கலாம். நீ இப்போ கையெழுத்துப் போட்டு மூடிட்டு, சந்தோஷமா ஊருக்குக் கிளம்பு.” ஒரே ஒரு கையெழுத்து. பேனாவைக்கூட அவரே நீட்டினார். நான் வாங்கவில்லை. நாற்பது மணி நேரம் உட்கார்ந்து வீடு கட்டின யாரோ ஒருத்தி, பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்து பார்ப்பாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதும் எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் உங்களை நேரில் தெரியும், நீங்கள் திட்டினாலும் தாங்கிக்கொள்வேன்.

நேற்று தேதியைத் தள்ளிப்போட்டார்கள். கேக் வந்தது. நான் தொடவில்லை.

புரோகிராமர் தம்பி மட்டும் இந்தத் தடவை “என் கம்ப்யூட்டர்ல வரலையே” என்று சொல்லவில்லை. பதினோரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, வீடு காணாமல் போவதைப் பார்த்தான். “சனிக்கிழமை காலையில தர்றேன்க்கா. நீங்க பெட்டியைக் கட்டி இங்கயே எடுத்துட்டு வந்துடுங்க” என்றான். அத்தையிடம் சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். அப்புறம், “கட்டின வீடு போயிடும்னா நீ விட்டுட்டுப் போகக்கூடாதுதான்” என்றார். முதல் தடவையாக இதை வேலை என்று ஒத்துக்கொண்டார். “என் பிள்ளை பாவம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் எழுதிவிடுகிறேன்.

இனிக் கணக்கு இதுதான். சனி மதியத்துக்குள் நான் பார்த்து மூடிவிட்டால், ஆறு மணி ரயில் கிடைக்கும். ஞாயிறு நாலு மணிக்கு அங்கே வந்து சேரும். ஸ்டேஷனிலிருந்து துறைமுகத்துக்கு முக்கால் மணி நேரம். ஐந்து மணிக்கு உங்கள் கப்பல். ரயில் தாமதமானால் நான் கரையில் நின்று அதன் முதுகைத்தான் பார்ப்பேன்.

தள்ளிப்போடுகிறவர்களை எவ்வளவு திட்டியிருக்கிறேன்! இப்போது வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். உங்கள் கேப்டன் ஒரே ஒரு நாள் ரெண்டுநாளாக இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் இன்ஜினுக்குச் சின்னதாக ஒரு கோளாறு வரட்டும். யாருக்கும் ஆபத்தில்லாத கோளாறு. அதைக் கண்டுபிடிப்பவர் நீங்களாகவே இருங்கள். உங்களுக்குக் கோடிப் புண்ணியமாகப் போகும், நான் வந்து சேரும்வரை அதை மூடிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பெட்டியைக் கட்டி மேசைக்கு அடியில் வைத்திருக்கும்
உங்கள் மனைவி