நேரில் கேட்கிறேன் என்று எழுதிய மைனிக்கு

என் செல்ல தஸ்நேவிஸ் மைனி,

சிகாகோவில் இருந்தபோது வாரம் தவறாமல் உனக்கு எழுதியவள், ஊருக்குத் திரும்பி ஒன்றரை வருஷமாகியும் ஒரு வரி எழுதவில்லை. கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காரும்போதெல்லாம் 'நலமா' என்று தொடங்கிவிட்டு, அதற்கு மேல் போக முடியாமல் மடித்து வைத்துவிடுவேன்.

முதலில் ஊர்ச் செய்தி சொல்கிறேன். பெரிய கப்பல்கள் இப்போது புதுத் துறைமுகத்துக்குள்ளேயே வந்து நிற்கின்றன. முன்போல வெளியே நங்கூரம் போட்டுவிட்டுத் தோணிகளுக்காகக் காத்திருப்பதில்லை. உன் அப்பாவுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் மாமா இன்னும் கொழும்புத் தோணியை நடத்தும் தண்டலாகப் போய்வருகிறார். அத்தைக்கு, உன் அம்மாவுக்கு, இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். பிள்ளைகள் எனக்குப் பின்னால் 'அமெரிக்கா டீச்சர்' என்கிறார்கள். அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியவள் நீ.

இதை ஊரில் பலர் மறந்துவிட்டார்கள். ஒரு வருஷம் ஓர் அமெரிக்கக் குடும்பத்தோடு தங்கிப் படிக்க நம் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை அனுப்பப் போகிறார்கள், அங்கிருந்து ஒரு பெண் இங்கே வருவாள் என்ற அறிவிப்பு வந்தபோது நாம் இரண்டு பேரும்தான் மனுப் போட்டோம். தேர்வானது நீ. எனக்கு இரண்டாவது இடம். நீ போக முடியாமல் போனால் மட்டுமே நான். மருத்துவப் பரிசோதனைக்கு நம் இருவரையும் மதுரைக்கு வரச் சொன்னார்கள்.

அந்த டாக்டர் அறையைப் பற்றி நாம் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. இப்போது பேசுகிறேன்.

உன்னைப் பரிசோதிக்கும்போது பெண் துணைக்கு என்னை உள்ளே நிற்கச் சொன்னார்கள். டாக்டர் குழாயை உன் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"லேசா ஒரு சத்தம் கேக்குது. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். சின்ன வயசுல மூட்டெல்லாம் வீங்கி, காய்ச்சல் வந்து படுத்திருக்கியாம்மா?"

"இல்ல சார்" என்றாய், பட்டென்று.

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொந்தக்காரப் பொண்ணுதானே? அப்படி ஏதாவது வந்துச்சா?"

"ஏழாங் கிளாஸ் படிக்கையில வந்துச்சு சார். மூணு மாசம் படுத்துக் கெடந்தா."

உன்னை அனுப்ப முடியாது என்று அவர் எழுதினார். அவ்வளவுதான் மைனி. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தாவணியைச் சரிசெய்துகொண்டே நின்றாய்.

பொய் சொல்லத் தெரியாதவளா நான்? உனக்காகக் கன்னியாஸ்திரீகளிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் ஏன் அவ்வளவு வேகமாக உண்மை வந்தது? வெளியே வந்து செருப்பை மாட்டும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. ஒரு நொடிதான். ஆனால் அது சந்தோஷம்தான், வேறு பெயர் சொல்ல முடியாது.

திரும்பும் பஸ்ஸில் எட்டயபுரம் தாண்டினோம். பிறகு சொன்னாய்: "ஏளா ஜெசி, வீட்டுல ரத்தம் பத்தலன்னுட்டாவன்னு மட்டும் சொல்லு. நெஞ்சு, கிஞ்சுன்னு சொன்னா எங்கம்மா அழுது ஊரைக் கூட்டிருவா." நான் தலையாட்டினேன். ஊர் நெருங்கும்போது, "யாராவது ஒருத்தி போனா சரிதான். எனக்கும் சேத்துப் பாத்துட்டு வா" என்றாய்.

பார்த்தேன் மைனி. தெருவுக்கு மேலே இரும்புக் கால்களில் ரயில் ஓடுவதைப் பார்த்தேன். கடல் மாதிரியே கிடந்த ஏரியில் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பில்லை. கரையில் மீன் வாடையும் இல்லை. என்னை வைத்துக்கொண்ட ஹெலன் அம்மா, ஓர் ஆஸ்பத்திரியின் இருதயப் பிரிவில் டைப்பிஸ்ட். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். நான் சோற்றைக் கையால் பிசைவதை முதல் நாள் பார்த்துவிட்டு, மறுநாள் தானும் பிசைந்து பார்த்துச் சிரித்தவர்.

அங்கே நான் கெட்டிக்காரியாக இருந்தேன் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். இல்லை. வகுப்பில் அவர்கள் பேசும் வேகம் புரியாமல், எல்லாரும் சிரித்த பிறகு சிரிப்பேன். அதை உனக்கு எழுதவில்லை. நீ கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன். "நம்ம மாதா பேர்லயே பனி இருக்கு, நம்ம ஊர்ல ஒருத்தரும் பனியைக் கண்டதில்ல. அது எப்பிடிளா இருக்கும்?" என்று கேட்டிருந்தாய். விழும்போது சத்தமே கேட்காது, காலையில் ஜன்னலைத் திறந்தால் உப்பளம் மாதிரி இருக்கும் என்று எழுதினேன். அதைக் கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாயாம்.

அடுத்த கடிதத்தில்தான், ஒரு ஓரத்தில், அந்த வரி இருந்தது. "இப்பல்லாம் மாடி ஏறுனா மூச்சு முட்டுது. படுக்க முடியல, ரெண்டு தலகாணிய வச்சு உக்காந்துதான் தூங்குதேன். பனிக் காத்து உன்னோட கடுதாசில வந்துட்டு போலுக்கு."

நீ சிரிப்பதற்காக எழுதியிருந்தாய். நானும் சிரித்துக்கொண்டேதான் ஹெலன் அம்மாவுக்கு அதை இங்கிலீஷில் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். மறுநாளே என்னைத் தன் ஆஸ்பத்திரி டாக்டரிடம் கூட்டிப் போனார்.

அந்த டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இருதயத்துக்குள் ஒரு கதவு. சின்ன வயதுக் காய்ச்சலால் அது இறுகிப் போயிருக்கலாம். அதனால் ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. "அவளை இவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் வேலூரிலேயே இதைச் சரிசெய்கிறார்கள். நாளைக் கடத்தாதீர்கள்" என்றார். பிறகு கள்ளமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னார். "இங்கே வர வேண்டியவள் அவள்தான் என்று ஹெலன் சொன்னார். வந்திருந்தால் முதல் மாதமே கண்டுபிடித்திருப்போம்."

அன்றிலிருந்து அந்தப் பேச்சு என்னை விட்டுப் போகவில்லை. மதுரையில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீ அந்த வீட்டில் இருந்திருப்பாய். உனக்கு மூச்சு வாங்குவதைக் கேட்டு ஹெலன் அம்மா கத்தியைக் கீழே வைத்திருப்பார். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி.

அன்றே எல்லாவற்றையும் எழுதித் தபாலில் போட்டேன். அது வந்து சேர எத்தனை நாளாகும் என்று உனக்குத் தெரியும். பொறுக்க முடியாமல் டிரங்க் கால் போட ஏற்பாடு செய்தோம். நம் கடற்கரை ரோட்டுக் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் அண்ணாச்சி உங்களைத் தன் போனுக்கு வரச் சொன்னார். எனக்கு அங்கே காலை. உங்களுக்குப் பொழுது சாய்ந்த நேரம்.

அத்தை முதலில் பேசினாள். "ஏளா ஜெசி, நல்லாயிருக்கியா? சாப்பிட்டியா?" ஒரே இரைச்சல். "அத்த, மைனிய வேலூருக்குக் கூட்டிட்டுப் போங்க!" என்று கத்தினேன். "கடுதாசி நேத்துதான் வந்துச்சு. நெஞ்ச அறுக்கணும்னுல்லா எழுதியிருக்க. அவ அப்பா வராம நான் எப்பிடிளா முடிவெடுப்பேன்? தோணி கொழும்புல நிக்குது, காத்து சரியில்லன்னு விட மாட்டேங்காவ" என்றாள்.

பிறகு நீ. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் உன் மூச்சு கேட்டது.

"ஏளா... அங்கன இப்ப விடிஞ்சிருச்சா?"

"விடிஞ்சிருச்சு மைனி. நீ வேலூருக்குப் போ. அப்பா வார வரைக்கும் இருக்காத."

"இங்கன இப்பத்தான் வெளக்குப் பொருத்திருக்கு. பாரேன்... ஒரே நேரத்துல..."

லைன் அறுந்துவிட்டது. மூன்று நிமிஷம் முடிந்ததாக ஆபரேட்டர் சொன்னாள். என்ன செய்வது என்று தெரியாமல் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

மாமா வந்தார். மூன்றாம் நாள் வேலூருக்குப் புறப்படுவதாக முடிவானது. இரண்டாம் நாள் காலையில் நீ போய்விட்டாய். தந்தி என் கைக்கு வந்தபோது உன்னை அடக்கம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வேறு எங்கே போவது? மாலையில் ஹெலன் அம்மா என்னைப் பக்கத்துத் தெருக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அவர் நம் சபை இல்லை. எப்போது முழங்கால் போட வேண்டும், எப்போது எழ வேண்டும் என்று தெரியாமல் என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

பத்து நாள் கழித்து உன் கடைசிக் கடிதம் வந்தது. எழுத்து கோணிக் கிடந்தது. வேலூருக்குப் போகப் போவதை எழுதியிருந்தாய். கடைசியில் இரண்டு வரி: "மதுர டாக்டர் ரூமப் பத்தி உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கடுதாசில வேண்டாம், நீ வந்த பெறகு நேர்ல கேக்குதேன்."

என்ன மைனி அது? என்ன கேட்க நினைத்தாய்?

அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு நானே நூறு கேள்விகள் எழுதிப் பார்த்துவிட்டேன். எல்லாம் ஒன்றில்தான் வந்து நிற்கும்: 'என் இடம் வேணும்னுதான் சொன்னியா?' அதைச் சுமக்க முடியாமல் போன வாரம் அத்தையிடம் போனேன். அத்தை சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். டாக்டர் கேட்டது, நீ இல்லை என்றது, நான் ஆமாம் என்றது, செருப்பு மாட்டும்போது வந்த அந்தச் சந்தோஷம், எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தையின் கை நிற்கவில்லை. "அப்பமே அந்த டாக்டரு நெஞ்சுல சத்தம் கேக்குன்னாரா?" என்றாள்.

"ஆமா அத்த."

"நீங்க ரெண்டு பேரும் வந்து ரத்தம் பத்தலன்னுல்லா சொன்னிய."

அப்போதுதான் அவள் கை நின்றது.

"ரத்தம் ஊறட்டும்னு முருங்கக் கீரையா ஆக்கிப் போட்டேனேளா. ஏழெட்டு மாசம்." அவள் குரல் உயரவே இல்லை. "நீ அமெரிக்கா போனது எனக்கு ஒண்ணுமில்ல. அவ போவலேன்னா நீ போவ. அதப் போயி இம்புட்டு நாளா மனசுல வச்சிருக்க. இத ஏன் என்கிட்ட சொல்லல?"

 நீ சொல்ல வேண்டாம் என்றாய், அதனால் சொல்லவில்லை என்று உன் மேல் போட்டிருக்கலாம். அதுவும் உண்மைதான். ஆனால் நெஞ்சு என்று சொல்லியிருந்தால் வீட்டில் அழுகையும் ஆர்ப்பாட்டமும் நடந்திருக்கும், அந்தக் களேபரத்தில் என் பயணமும் நின்றுபோயிருக்கும் என்ற பயம் எனக்குள் இருந்ததா? இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன். இத்தனை நாள் தப்பான இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்திருக்கிறேன் மைனி.

அத்தை மீனை அலசிச் சட்டியில் போட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

நீ கேட்க நினைத்தது எது? உன் இடமா, நாம் வீட்டில் சொன்ன பொய்யா? அல்லது, நீ வெளியே போன பிறகு டாக்டர் என்னிடம் வேறு ஏதாவது சொன்னாரா என்றா? சொல்லவில்லை மைனி. அந்த ஒன்றுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயலில் பெண்கள் கூட்டம். 'நான் கண்ட அமெரிக்கா' என்று என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். வர முடியாது என்று எழுதி அனுப்பப் பார்த்தேன். நேற்று அத்தை ஆள் அனுப்பி, தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எதற்கு வருகிறாள் என்று தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அன்றைக்கு ஏரி, ரயில் எல்லாம் பிறகுதான். முதலில் தேர்வானவள் நீ என்று சொல்வேன். டாக்டர் அறையில் நான் சொன்னதைச் சொல்வேன். வீட்டில் சொல்லாமல் விட்டதையும் சொல்வேன். மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்ட பிள்ளை வீட்டில் இருந்தால் அதன் நெஞ்சை டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்வேன். குரல் உடைந்தாலும், அத்தை பாதியில் எழுந்து வெளியே போனாலும், சொல்லி முடிக்காமல் உட்கார மாட்டேன்.

என்றும் உன் மாமன் மகள்,
ஜெசிந்தா