செவ்வாய்க்கிழமை சோதனை என்று சொல்ல வேண்டி

அனுப்புநர்:
வ. ராஜாத்தி,
க/பெ. வடிவேல்,
மதராசி கேம்ப், ஜங்புரா,
புது தில்லி.

பெறுநர்:
உயர்திரு கஸ்தூரிரங்கன் அவர்கள்,
துணைத் தொழிலாளர் ஆணையர்,
தில்லி.

பொருள்: கம்பெனி அலமாரியில் இருக்கும் என் ரேஷன் கார்டை வரும் செவ்வாய்க்கிழமைக்குள் மீட்டுத் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் தமிழர் என்று லோதி ரோட்டில் தங்கள் அடுத்த வீட்டில் வேலை செய்யும் காந்திமதி சொன்னதால் தைரியமாகத் தமிழில் எழுதுகிறேன். எட்டாவது வரை படித்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. நான் ஓக்லாவில் ஓர் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் மூன்று வருடமாகப் பிசிறு நூல் வெட்டுகிறேன். கம்பெனியின் பெயரைத் தனித்தாளில் எழுதி இத்துடன் மடித்து வைத்திருக்கிறேன். சேர்ந்த அன்று, நம்பரைக் குறித்துக்கொண்டு நாளைக்கே தருவதாகச் சொல்லி, ஆள் சேர்க்கும் டேக்கேதார் சதாசிவம் என் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டார். அந்த நாளை இன்னும் வரவில்லை. இப்படி நாற்பத்தோரு பெண்களின் கார்டுகள் உள்ளே இருக்கின்றன. வேலையை விடுகிறேன் என்றால், சீசன் முடிந்த பிறகுதான் கார்டு என்கிறார்கள். அங்கே சீசன் முடிந்து நான் பார்த்ததில்லை.

2. சென்ற வருடம், எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, தொழிலாளர்களை அடிமைபோல் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு கொள்கை அனுப்பியது. அதைத் தமிழிலும் அச்சடித்து, கண்ணாடி போட்டு, நாங்கள் சாப்பிடும் இடத்தில் மாட்டினார்கள். ஆபீசில் யாருக்கும் தமிழ் தெரியாததால் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். ஆணி அடித்தாகிவிட்டது, வேண்டுமானால் கழுத்தைத் திருப்பிப் படி என்றார் சூப்பர்வைசர். பத்து நாள் சாப்பாட்டு நேரத்தில் கழுத்தைத் திருப்பிப் படித்தேன். கம்பெனியில் அதை முழுதாகப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். தொழிலாளியின் அசல் பத்திரம் எதையும் நிறுவனம் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது நாலாவது விதி.

3. அந்த விதியைச் சொல்லிக் கார்டு கேட்டேன். கார்டை வாங்கியவர் டேக்கேதார், கொள்கை கம்பெனிக்குத்தான் என்றார் மேனேஜர். அலமாரியும் சாவியும் கம்பெனியுடையது, கொள்கையும் அவர்களுடையது என்றார் சதாசிவம். இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்கள்.

4. வெளிநாட்டிலிருந்து சோதனைக்கு வரும் நாளில் மட்டும் கார்டுகள் எங்கள் கைக்கு வரும். காலை ஒன்பதுக்குக் கொடுத்து, ஃபோட்டோ எடுத்து, மாலை நான்குக்குப் பேர் கூப்பிட்டு ஜல்தி ஜல்தி என்று திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அன்று கக்கூஸில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும். போன தடவை வந்த அம்மாவிடம் கார்டு விஷயத்தை முழுதாகச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்தவர் சதாசிவத்தின் மச்சான் வைத்தி. நான் மூன்று நிமிடம் பேசியதை அவர் "வெரி ஹேப்பி மேடம்" என்று முடித்துவிட்டார். அந்த அம்மா கண் கலங்கி என் கையைக் குலுக்கினார். நல்ல மனுஷி. அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

அன்றே கார்டை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். எண்ணிக்கையில் ஒன்று குறைந்ததால் எல்லாரையும் கேட்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். லீலாவதிக்கு வீட்டில் கைக்குழந்தை. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

5. இப்போது எழுதுவதன் காரணம், 15.09.2004 புதன்கிழமை எங்கள் கேம்ப்பில் குடிசைக் கணக்கெடுப்பு. அசல் கார்டு காட்டும் வீட்டின் கதவில் மட்டும் நம்பர் எழுதுவார்களாம். நம்பர் இல்லாத வீட்டை இடித்தால் மாற்று இடம் கிடையாது. பதினாறு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறோம். ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கள் அலுவலகத்தில் வேலை மிகுதி என்பதை அறிவேன். வழக்குப் போட்டு நடத்தினால், கார்டு வருவதற்குள் வீடு போய்விடும். ஆகவே சின்ன உதவியாகவே கேட்கிறேன். திங்கட்கிழமை கம்பெனிக்கு ஃபோன் செய்து, செவ்வாய்க்கிழமை சோதனை என்று மட்டும் சொல்லவும். காலையில் கார்டுகளை அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சோதனை செய்ய வேண்டியதுகூட இல்லை. மாலை நான்கு மணிக்குத் தங்கள் அலுவலக ஆள் ஒருவர், கக்கத்தில் ஒரு ஃபைலோடு கேட்டருகே நின்றால் போதும். அவர் வாய் திறக்க வேண்டாம். நாங்கள் நாற்பத்தோரு பேரும் கார்டோடு அவரைத் தாண்டி நடந்து வெளியே வந்துவிடுவோம்.

இடம்: புது தில்லி
நாள்: 09.09.2004

இப்படிக்கு,
தங்கள் ஃபோனை நம்பியிருக்கும்,
வ. ராஜாத்தி

பி.கு.: அனுப்ப ஆள் ஒழியவில்லை என்றால் ஃபைலை மட்டும் கொடுக்கவும். நிற்பதற்கு என் கணவர் இருக்கிறார்.